பலகையில் இடம் தேடுதல்

நமக்கு முன்னே பிறர் கைவசம் இருந்து, நமக்குப் பின்னே வேறொருவர் கைக்குப் போகவிருக்கும் ஒரு பொருளில், இடையே சில காலம் அதை வைத்துக்கொண்டிருக்கும் நாம், நம்முடைய சௌகரியத்தை முன்னிட்டு எவ்வளவு தூரம் கைவைக்கலாம் என்ற கேள்வி வீட்டுக்கும் நிலத்துக்கும் கோயிலுக்கும் பொருந்துவதே ஆயினும், எனக்கு அது ஒரு பழைய ஜீப்பின் டேஷ்போர்டில் நாலைந்து சுவிட்சுகளுக்கு இடம் தேடியபோதுதான் எழுந்தது. சிறிய விஷயத்தில் எழுந்ததனாலேயே அதை நிதானமாக ஆராய முடிந்தது என்று கருதுகிறேன். பெரிய விஷயங்களிலோ ஆசையும் அவசரமும் புகுந்து விவேகத்தைக் கலக்கிவிடுகின்றன.

1945இல் தொடங்கப்பெற்று, 1947இல் அமெரிக்க வில்லீஸ் ஜீப்புகள் 75ஐ உதிரிகளாகத் தருவித்து, 1949இல் பம்பாய் மஜ்காவில் பூட்டி இறக்கிய மகிந்திரா நிறுவனத்தின் வண்டிகள், ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பாதையிலும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பாதையிலும் உழைத்திருக்கும் உழைப்பை அந்த மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருக்கிறவர்கள் அறிவார்கள். உருண்டைக் கற்கள் நிறைந்த ஓடையைக் கடந்து உரமூட்டையையும் மாங்காய்க் கூடையையும் ஆட்களையும் ஏற்றிவர வேறு வண்டி இல்லாதிருந்த காலத்தில், மில் முதலாளி வீட்டிலும் எஸ்டேட் மானேஜர் வீட்டிலும் ஒரு ஜீப் நின்றது. என் பெரியப்பாவின் தோப்பிலிருந்து எனக்கு வந்து சேர்ந்ததும் அவ்வகையில் ஒன்று. 1953இல் வில்லீஸ் நிறுவனத்தார், உள்வாங்கும் வால்வு தலைமேல் அமைந்த உயரமான எஞ்சினுக்கு இடம் வேண்டிப் பானெட்டை உயர்த்திச் செய்த சி.ஜே.3பி என்னும் வகை அது.

அந்த வண்டியின் டேஷ்போர்டு வளைவும் மடிப்பும் அற்ற ஓர் இரும்புத் தகடு; அவ்வளவுதான். அதை வரைந்தவர்கள் ஓட்டுகிறவனுக்கு எது அவசியமோ அதை மட்டும் வைத்தார்கள். வேகம், பெட்ரோல், எஞ்சினின் சூடு, எண்ணெயின் அழுத்தம், பாட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற செய்தி, இவற்றோடு இழுத்து இயக்கும் இரண்டு மூன்று குமிழ்கள். விளக்கை உயர்த்தித் தாழ்த்தும் வேலையைக்கூடக் காலுக்குக் கொடுத்துவிட்டார்கள். தேவைக்கு மேல் ஒன்றும் இல்லாத அந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம், வாழ்க்கையில் தன் தேவை இன்னது என்று தீர்மானமாக அறிந்த ஒரு மனிதரின் எதிரில் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு எனக்கு உண்டாகும்.

ஆயினும் காலம் மாறிற்று. எஞ்சின் உறிஞ்சும் காற்றின் பலத்தால் ஆடுகின்ற பழைய வைப்பர், மேட்டில் வண்டி திணறி ஏறும்போது, அதாவது மழையில் கண்ணாடி தெளிவாயிருக்க வேண்டிய சமயம் பார்த்து, தளர்ந்து நின்றுவிடும் சுபாவம் கொண்டது. அதற்கு மின்மோட்டார் தேவைப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை விடியற்காலைகளில் அடிவாரத்தை மூடும் பனிமூட்டத்தில் தாழ்ந்து வீசும் மஞ்சள் விளக்கும், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே லாரிகள் ஓயாத நெடுஞ்சாலை ஓரத்தில் பழுதாகி நின்றால் நாலு மூலையும் சேர்ந்து மின்னும் எச்சரிக்கை விளக்கும், இருட்டில் ஓடைக்கரையில் பின்வாங்குவதற்கு ஒரு பின்விளக்கும் வேண்டியிருந்தன. இவை ஆடம்பரம் அல்ல, உயிரைப் பற்றியவை. பழையது பழையபடியே இருக்க வேண்டும் என்று சாதிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓடாத வண்டியைத் துடைத்துத் துடைத்து வைப்பதைவிட, ஓடுகிற வண்டியில் இரண்டு சுவிட்சு கூடுவதே அந்த வண்டிக்குச் செய்யும் மரியாதை.

அப்படியானால் எங்கே வைப்பது? சாமானிய வழக்கம், துளைபோடும் மிஷினை எடுத்துத் தகட்டில் வேண்டிய இடத்தில் ஓட்டை போடுவதே. என் வண்டியிலும் எனக்கு முன்னே சிலர் அதைச் செய்திருக்கிறார்கள். ஒரு துளையில் எப்போதோ ரேடியோ இருந்திருக்கிறது. இன்னொன்று சிகரெட் பற்றவைக்கும் சாதனத்துக்கு. மூன்றாவது எதற்கென்று கேட்டுச் சொல்ல இன்று ஆள் இல்லை. அந்தந்தச் சாதனங்கள் பழுதாகிக் கழன்றுபோயின. அவற்றை விரும்பியவர்களின் விருப்பமும் தீர்ந்தது. துளைகள் மட்டும் நிலைத்துவிட்டன. பெயிண்ட் அறுபட்ட விளிம்பில் துரு பற்றி, சோழிப் பருமன் துளை பலாக்கொட்டைப் பருமனாக வளர்ந்திருக்கிறது. ஒருவருடைய சில வருஷத்து ஆசை, அவருக்குப் பின் வருகிற எல்லாருக்கும் நிரந்தரமான காயமாகத் தங்கிவிடுகிறது என்ற இந்த உண்மை என்னை மிகவும் வருத்தியது. எத்தனையோ கோயில் தூண்களில், கல்வெட்டின் எழுத்துக்கு நடுவே ஆணியடித்து மின்கம்பி இழுத்திருப்பதைக் கண்டு மனம் குமுறியிருக்கிறேன். விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த எழுத்தின்மேல்தானா ஆணி இறங்க வேண்டும்?

கூட்டுவதை அழகாகச் செய்ததற்கும் தமிழ்நாட்டில் உதாரணம் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தார்கள். நம் காலத்துப் பொறியியல் முழுவதும் பாரம் தாங்கும் அடிப்பாகத்தில் நின்றுகொண்டது. வடம் பிடிக்கிறவர்களின் உயிருக்குப் பாதுகாப்பும் கிடைத்தது.

ஆகவே தகட்டைத் துளைக்காத ஒரு பலகையைத் தேடத் தொடங்கினேன். புது வண்டிகளுக்கென்று வார்த்த பிளாஸ்டிக் பலகைகள் அந்தத் தட்டையான முகத்தில் ஒட்டாமல் அந்நியமாகத் தெரிந்தன. பழைய வண்டிகளின் உறுப்புகளுக்குப் பேர்போன சென்னைப் புதுப்பேட்டையில் சொல்லிவைத்துக் கிடைத்த ஒன்றோ கியர் மாற்றும் கையை இடித்தது. இவ்வகை ஜீப்பில் கியர் தடியோடு, முன்சக்கரத்துக்கு விசை கொடுக்க ஒன்றும் வேகத்தைத் தாழ்த்திப் பலத்தைக் கூட்ட ஒன்றுமாக, மூன்று தடிகள் தரையிலிருந்து எழுந்து நிற்பதால், இருக்கும் இடத்தைக் கையும் முழங்காலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் வழி காட்டியவர், ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் தென்மாவட்ட மில்களில் மின்மோட்டாரோடு வாழ்ந்து தேர்ந்த தொழிலாளர் பரம்பரை ஒன்று உருவாயிற்று. அவர் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவர், "தகட்டுல கைவைக்க வேண்டாம் அண்ணாச்சி. கீழ ஏற்கெனவே ரெண்டு போல்ட் நிக்குது. அதுலயே ஒரு பட்டை கொடுத்துத் தொங்கவிட்டுருவோம். வேண்டாம்னா ஸ்பானர் ஒண்ணு போதும், கழட்டிறலாம்" என்றார்.

வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம் என்ற அந்தச் சொல்லை வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் செய்கிற மாற்றத்தை, அதில் உடன்பாடில்லாத ஒருவர், எதையும் உடைக்காமல் நீக்கிவிட இடம் வைத்துச் செய்வதே நாகரிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்முடைய அபிப்பிராயமே கடைசி அபிப்பிராயம் என்ற மமதை அங்கே கொஞ்சம் அடங்குகிறது.

மில் சுவிட்ச்போர்டுகளுக்குப் பயன்படும் ஹைலம் தகட்டில், மின்சாரம் பாயாத அந்தக் கெட்டியான பழுப்பு நிறத் துண்டில், பெரியவர் ஐந்து துளையிட்டுப் பட்டையோடு பூட்டினார். வெளியே தெரியாத வேலையில்தான் அவருடைய சிரத்தை முழுவதும் இருந்தது. 12 வோல்ட் பாட்டரியில் 55 வாட் விளக்கு ஒன்று ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கு ஒன்பது. அவ்வளவையும் பழைய வயரிங்கின் வழியே, உறை உலர்ந்து நொறுங்கும் கம்பிகளின் வழியே செலுத்தினால் என்ன ஆகும் என்பதை, ஆசனத்துக்கு அடியிலேயே பெட்ரோல் டாங்கி இருக்கும் வண்டியில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் பாட்டரியிலிருந்து தனிக் கம்பி, அது புறப்படும் இடத்திலேயே பியூஸ், விளக்குகளுக்கு ஒரு ரிலே. சுவிட்சில் ஓடுவது ரிலேயைத் தட்டியெழுப்பும் சொற்ப மின்சாரம். பாரத்தைச் சுமப்பது வேறு வழி. பழைய கம்பி ஒன்றையும் அவர் வெட்டவில்லை. சுவிட்சுகளுக்குக் கீழே ஒட்டுவதற்குச் சிவகாசி அச்சகத்திலிருந்து தமிழில் சிறு பெயர்ச்சீட்டுகளும் வந்தன.

ஐந்தாவது துளைக்கு என் தம்பி மகன் ஆசைப்பட்டது, கூரைமேல் வைத்து நெடுந்தூரம் பாய்ச்சும் தேடுவிளக்கு. அதற்கு நான் இணங்கவில்லை. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆகி, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆன காடு அந்தத் தோப்பை ஒட்டியிருப்பது. தோப்பு வேலியைத் தாண்டினால் யானைகள் நடமாடுகின்றன. பனிமூட்டத்துக்கு வேண்டிய விளக்கு பாதையைப் பார்க்கிறது. தேடுவிளக்கோ நமக்குச் சம்பந்தமில்லாத உயிர்களின் கண்ணில் போய் விழுகிறது. சட்டம் தடுப்பது ஒருபுறம் இருக்க, இரவு அவற்றினுடையது என்று நான் நம்புகிறேன். அந்தத் துளையை ரப்பர் மூடியிட்டு அடைத்திருக்கிறேன். அவன் வருத்தப்பட்டான், வாதமும் செய்தான். வண்டி அவன் கைக்குப் போகும்போது தீர்மானமும் அவனுடையதாகும் என்பதை நான் மறுக்கவில்லை.

எந்த நிறக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது, எந்த போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெரியவர் ஒரு தாளில் படம் போட்டுத் தந்தார். பலகையைப் பூட்டும் முறையைவிடக் கழற்றும் முறையையே அதில் விரிவாக எழுதச் சொன்னேன். அவர் மறுபேச்சின்றி எழுதிக் கொடுத்தார்.