இரவல் புத்தகமும் இளம் மனச்சாட்சியும்



ஆண்டுப் பரீட்சை நெருங்கும் நாட்களில் பள்ளி நூல்நிலையத்தின் கதவில் ஓர் அறிவிப்பு தொங்கும். இரவல் வாங்கிய புத்தகங்களை இன்ன தேதிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். நூல்நிலையப் பொறுப்பிலிருக்கும் ஆசிரியை வகுப்பு வகுப்பாக வந்து அதையே வாய்மொழியாகவும் சொல்லுவார். பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள், மறந்தும் விடுவார்கள். பெற்றோராகிய நாமோ, இது ஏதோ பள்ளிக்கூடத்துக் கணக்கு விவகாரம் என்று காதில் போட்டுக் கொள்வதில்லை. ஆனால் அந்தச் சிறிய அறிவிப்புக்குள் பெரிய அறநெறிக் கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. கோடை விடுமுறைக்கு முன் அதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நமக்குப் பிரயோசனமாயிருக்கும்.

முதலாவது, இரவல் என்றால் என்ன? பணம் கடன் வாங்கினால், வாங்கிய அதே நோட்டைத் திருப்ப வேண்டியதில்லை. ஈடான தொகை போதும். இரவல் அப்படியல்ல. பக்கத்து வீட்டில் குடையை இரவல் வாங்கினால், அதே குடை, கம்பி முறியாமல் திரும்பிப் போக வேண்டும். நூல்நிலையப் புத்தகமும் அப்படித்தான். சரி, அந்தப் புத்தகத்துக்கு உரியவர் யார்? பொறுப்பாசிரியையா? தலைமையாசிரியரா? அவர்கள் காவலர்களே. ஜூன் மாதத்தில் அந்த அலமாரியின் முன் வந்து நிற்கப்போகும் பிள்ளைக்கே அது உரியது. அந்தப் பிள்ளையின் முகம் நமக்குத் தெரியாது. முகம் தெரிந்தவருக்குக் கடன்பட்டால் வெட்கத்துக்காகவாவது தீர்த்துவிடுவோம். முகம் தெரியாதவருக்குப் பட்ட கடனை வசூலிக்க மனச்சாட்சி ஒன்றைத் தவிர வேறு ஆளில்லை. ஆகையால்தான் இந்தச் சின்னக் கடன் நம் நேர்மைக்குப் பெரிய பரீட்சையாகிறது.

நான் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, பறவைகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். ஒரு நாள் இரவு ஓட்டுக் கூரை ஒழுகிற்று. காலையில் பார்த்தால் புத்தகம் ஊறிப் பக்கங்கள் ஒட்டிக் கொண்டிருந்தன. மாதக் கடைசி, வீட்டில் கையிருப்பு இல்லை. தாயார் யோசித்துவிட்டு, "கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடு. அவர்கள் எங்கே போய்த் தேடப்போகிறார்கள்?" என்றாள். அவள் கெட்டவள் அல்லள். கஷ்டத்தில் நாம் எல்லாரும் சொல்லக்கூடியதைத்தான் சொன்னாள்.

சிறுமி அப்படியே சொன்னாள். பதிவேட்டில் புத்தகம் திரும்பி வந்ததற்கு அடையாளம் இல்லை. ஆயினும் ஆசிரியை அவளைக் கடிந்து கொள்ளவில்லை. "அப்படியானால் தவறு என்னுடையதாக இருக்கும், தேடிப் பார்க்கிறேன், அம்மா" என்றார். சொன்னபடியே தேடினார். இரண்டு நாட்கள் மதிய உணவு வேளையில் அலமாரி அலமாரியாகப் புத்தகங்களை இறக்கி வைத்துத் தேடுவதைச் சிறுமி சன்னல் வழியாகப் பார்த்துக் கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஊறிப்போன புத்தகத்தோடு போய் நின்று அழுதாள்.

ஆசிரியை என்ன செய்தார்? "உண்மையைச் சொல்ல வந்தாயே, சந்தோஷம்" என்றார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. பள்ளி முடியும் வரை, மாலையில் அரைமணி நேரம் கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவி ஒட்டவும், அட்டை போடவும் அவளைத் துணைக்கு வைத்துக் கொண்டார். கடைசி நாளன்று, விடுமுறையில் படிக்கும்படி வேறொரு புத்தகத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார். "அவளிடம் மறுபடியும் புத்தகம் கொடுத்தார்களே, அதுதான் என்னைச் சுட்டுவிட்டது" என்று அந்தத் தாய் பின்பு என்னிடம் சொன்னாள்.

இங்கே சிலர் ஆட்சேபிக்கலாம். "இப்படி இரக்கம் காட்டினால் கவனமற்ற பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்துவிடாதா? அபராதம் விதித்தால் அல்லவா பயம் இருக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அனுபவம் காட்டுவது என்ன? இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில், மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வு எதிர்பாராத முடிவைத் தெரிவித்தது. தாமதம் குறையவில்லை, அதிகமாயிற்று. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. காரணம் என்ன? அதுவரை தாமதம் ஓர் ஆசிரியைக்குச் செய்யும் அநீதியாகத் தோன்றியது. அபராதம் வந்ததும், அது விலை கொடுத்து வாங்கும் சௌகரியமாகிவிட்டது. காசு கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று மனச்சாட்சி தூங்கிவிட்டது!

அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பொது நூலகம் 2019ஆம் ஆண்டிலும், நியூயார்க் பொது நூலகம் 2021ஆம் ஆண்டிலும் தாமதத்துக்கான அபராதத்தை ரத்துச் செய்தன. அபராதத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தவர்கள் நெடுங்காலமாக வீட்டில் கிடந்த புத்தகங்களோடு திரும்பி வந்தார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைந்த புத்தகத்துக்கு ஈடு செய்யும் பொறுப்பை அவர்கள் நீக்கவில்லை. தண்டனை வேறு, ஈடு செய்தல் வேறு. தண்டனையை இரக்கம் மன்னிக்கலாம். ஈடு செய்வதோ, அடுத்த பிள்ளைக்குச் சேரவேண்டியது. அதை மன்னித்துவிட ஆசிரியைக்கே முழு உரிமையில்லை. எனவேதான் நம் ஆசிரியை அபராதம் கேட்கவில்லை. ஆனால் பசையும் கத்தரிக்கோலும் கொடுத்து, அந்தக் கைகளாலேயே ஈடு செய்ய வைத்தார். நீதியும் இரக்கமும் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்ந்து நிற்பது இப்படித்தான்.

இனி, விடுமுறைக்குப் புத்தகம் கொடுத்தனுப்புவதைப் பற்றி. எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி வைத்தால் பத்திரம்தானே? பத்திரம் உண்மையே, ஆனால் யாருக்காக? சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வகுத்து வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்காகவே உள்ளன என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். சங்கிலி போனபின் நாம் பூட்டை மாட்டிக்கொண்டால் என்ன லாபம்? பூட்டிய அலமாரியில் செல்லும் கறையானும்தான் படிக்கும்.

விடுமுறையில் புத்தகம் இல்லாமையால் நஷ்டப்படுவோர் ஏழைப் பிள்ளைகளே. 1996இல் அமெரிக்க அறிஞர் சிலர் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்தார்கள். நீண்ட கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்றும், வாசிப்பில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளே பின்தங்குகிறார்கள் என்றும் கண்டார்கள். இழப்பின் அளவைப் பற்றிப் பின்னர் விவாதம் எழுந்ததுண்டு. ஆனால் வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளை எதைப் படிக்கும் என்று கேட்க ஆராய்ச்சி தேவையில்லையே! புத்தகம் நனையலாம், கிழியலாம் என்று அஞ்சிக் கொடாமலிருந்தால், கூரை ஒழுகாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே நூல்நிலையம் என்றாகிவிடும். இது நீதியாகுமா?

ஆகவே, பெற்றோரே, இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, பெட்டிக்கடியிலும் பரணிலும் தேடுங்கள். பள்ளி முத்திரை குத்திய புத்தகம் அகப்பட்டால், அது எத்தனை வருஷத்துப் பழையதானாலும், வெட்கப்படாமல் கொடுத்தனுப்புங்கள். இரண்டாவது, புத்தகம் கெட்டோ தொலைந்தோ போயிருந்தால், பிள்ளைக்குப் பொய்யைச் சொல்லிக் கொடாதேயுங்கள். கூடவே போய் நில்லுங்கள். ஒரு புத்தகத்தின் விலையை மிச்சப்படுத்தப் பிள்ளையின் உண்மையை விற்பது எவ்வளவு நஷ்டமான வியாபாரம்! மூன்றாவது, விடுமுறையில் பிள்ளையைப் பொது நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. அங்கே பிள்ளைக்கு உரிமையான நாற்காலி ஒன்று காத்திருக்கிறது. ஆனால் படி, படி என்று நச்சரிக்க வேண்டாம். நீங்களும் ஒரு பத்திரிகையை எடுத்துக் கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், அது போதும்.

"திருப்பிக் கொடு; உண்மையைச் சொல்; மறுபடியும் எடுத்துக்கொண்டு போ." பொறுப்பாசிரியையின் வருஷக் கடைசிச் செய்தி இவ்வளவே. இந்த மூன்றையும் பள்ளியில் கற்றுக்கொள்ளும் பிள்ளை, நாளைக்கு ஊராரின் பணத்தையோ, பிறருடைய நம்பிக்கையையோ கையில் வாங்கும்போது, அதை எப்படிக் காக்க வேண்டுமென்று அறிந்திருக்கும். அந்தப் பாடத்தை நம் வீட்டில் நாமே கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வோமாக.