தோற்றம் தரும் வாக்கு

இராஜாக்கமங்கலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் காற்றுத் துப்பாக்கி ஒன்று உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். குழல் பொருந்திவிட்டது. விசை இழுபடுகிறது. ஈயக்குண்டு அட்டையில் வரைந்த வட்டத்தைத் தொட்டுவிட்டது. வேலை முடிந்தது என்று எழுந்துவிடலாம். செய்தவன் எழுவதில்லை. கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பசை வழிந்து உறைந்த இடம் கண்ணை உறுத்துகிறது. திருகாணித் தலை துருத்தி நிற்கிறது. உப்புத்தாளும் வார்னிஷும் வாங்கிவந்து மறுபடியும் உட்காருகிறான். குறி தவறாமல் சுடும் ஒரு கருவி இனி எதற்காகத் தேய்க்கப்படுகிறது?

பயன் முடிந்த இடத்திலும் மனிதக் கை ஓய்வதில்லை. இதற்குச் சான்று தேட நாஞ்சில் நாட்டுக்காரர் வெகுதூரம் போக வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையில் கூரையைத் தாங்க வெறும் உத்தரம் போதும். அங்கே தாமரைகள் பூத்திருக்கின்றன. நடக்க வெறும் தரை போதும். அங்கே முகம் தெரியும் அளவுக்குக் கருந்தரை மெருகேற்றப்பட்டிருக்கிறது. மயிலாடியில் கல் கொத்துகிறவர்களைக் கேட்டால், பாறையிலிருந்து உருவத்தை வெளியே கொண்டுவருவது உழைப்பு என்றும், கடைசியில் கண் திறப்பது வேறொரு காரியம் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் உளி ஒன்றுதான். ஆனால் இரண்டாவதைச் செய்யும்போது கை தயங்குகிறது, ஏனென்றால் அதுவரை சிற்பி கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதற்குப் பின் அந்தக் கல் ஊரைப் பார்க்கப் போகிறது.

ஒரு பொருளுக்குத் தோற்றம் தருவது என்றால் அதைப் பிறர் கண்ணுக்கு ஒப்படைப்பது. உள்ளே இருக்கும் சுருள்வில்லும் காற்றறையும் செய்தவனுக்கு மட்டும் தெரிந்தவை. வெளியே தெரியும் வடிவமோ தெருவில் போகிற எல்லோருக்கும் உரியது. அதனால் அழகுபடுத்தும் வேலை தொடங்கும் கணத்தில் நாம் தனியாக இருப்பதில்லை. காணப்போகிறவர் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

படைக்கலம் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பின்னாளில் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை எரிந்தது. 1777-இல் இறந்த அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. வார்த்தெடுத்த பீரங்கியைக் கண்டவருக்குக் குழப்பம் இருந்திருக்காது. நான் பீரங்கி, என் முன்னால் நிற்காதே என்று அது சொன்னது. அஞ்சத்தக்க பேச்சுதான், ஆனால் உண்மையான பேச்சு.

காற்றால் சுடும் துப்பாக்கியின் வரலாற்றிலும் இந்த நேர்மைக்கு நல்ல சான்று உண்டு. திரோல் மலைநாட்டுக்காரரான ஜிரார்தோனி வடிவமைத்த துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780 வாக்கில் ஏற்றுக்கொண்டது. தோளில் அணைக்கும் அடிக்கட்டைதான் அதன் காற்றுக்கலம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை கைப்பம்பால் அடித்து அதை நிரப்ப வேண்டும். தோல் போர்த்தப்பட்ட அந்த இரும்புக் கலம்தான் தோளுக்கும் தாங்கல். அலங்காரம் என்று தனியாக ஒன்று அதில் தேவைப்படவில்லை. தேவையே வடிவமாக வந்து நின்றது.

இன்றைக்கு 10 மீட்டர் போட்டியில் வீரர்கள் ஏந்தும் காற்றுத் துப்பாக்கியைப் பாருங்கள். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்த வகையில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத் தரவரிசையில் முதலிடம் தொட்டதும் இதே வகையில்தான். சினிமாத் துப்பாக்கியின் மிடுக்கு அதில் துளியும் கிடையாது. கன்னம் சாயும் இடம், தோள் சேரும் இடம், உள்ளங்கை பொருந்தும் இடம் என்று ஒவ்வொன்றும் ஏந்துகிறவரின் உடலுக்காகவே நகர்த்தி அமைக்கப்பட்டவை. அங்கே இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அதற்கு முன்னால் பொய்க்கு இடமில்லை. இந்தத் துப்பாக்கியை முதன்முதலில் பார்க்கிறவர் இது என்ன விந்தையான கருவி என்றுதான் கேட்பார்; என்னைச் சுடாதே என்று கத்த மாட்டார். என் கண்ணுக்கு அதில் ஒரு பேரழகு தெரிகிறது.

இனி இன்னொரு வழியைப் பார்ப்போம். திண்ணையில் இருப்பவனின் கை பெரும்பாலும் கருப்புப் பூச்சை நோக்கித்தான் போகும். பிளாஸ்டிக் குழாய் எஃகாகத் தெரிய வேண்டும். திரையில் கண்ட இயந்திரத் துப்பாக்கியின் சாயல் வர வேண்டும். பார்க்கிறவர் ஒரு கணம் திடுக்கிட வேண்டும். இந்த ஆசையை எளிதில் பழிக்க எனக்கு மனமில்லை. சாயலைப் படைப்பது கலையின் பழைய இன்பம். வடசேரியில் செய்யும் கோயில் நகைகளில் வெள்ளியின் மேல் பொன் தகடு போர்த்திச் சிவப்புக் கற்கள் பதிக்கிறார்கள். அதைச் சூடி ஆடுகிற பெண்ணை யாரும் ஏமாற்றுக்காரி என்று சொல்வதில்லை. காரணம் தெளிவு: அந்தப் பொன்னை நம்பி அவையில் யாரும் எதையும் இழக்கப் போவதில்லை. மெருகு அங்கே எல்லோரும் அறிந்து ஒப்புக்கொண்ட மெருகு.

துப்பாக்கியின் சாயலுக்கு அந்த ஒப்புதல் கிடைப்பதில்லை. 2014 நவம்பரில் அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரத்துப் பூங்கா ஒன்றில் 12 வயதுச் சிறுவன் பிளாஸ்டிக் குண்டு எறியும் துப்பாக்கி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டுத் துப்பாக்கி என்று காட்டும் ஆரஞ்சு நிற நுனி அதில் இல்லை. காவல் வண்டி வந்து நின்ற இரண்டே நொடிகளில் அவன் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான். குழந்தையைச் சுட்ட கையின் குற்றத்தை அந்த நுனியின் இன்மை குறைத்துவிடாது. அந்தச் சமூகத்தின் நெடுநாள் நோய்களும் அதில் உண்டு. ஆயினும், ஒரு பொருளின் மேற்பரப்பில் விரலளவு நிறம் இருப்பதும் இல்லாததும் உயிரோடு தொடர்புடைய செய்தி என்பதை அந்த இரண்டு நொடிகளுக்குப் பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை.

எதிரே நிற்பவருக்கு நம் உள்ளத்தைப் படிக்க வழியில்லை. குழலுக்குள் காற்று இருக்கிறதா வெடிமருந்து இருக்கிறதா என்று திறந்து பார்க்கவும் அவகாசமில்லை. அவருக்குக் கிடைப்பதெல்லாம் தோற்றம் ஒன்றே, அதை நம்பித்தான் அவர் ஓடுவதா நிற்பதா தாக்குவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, ஆகவே நாம் செய்து உலகத்தின் முன் வைக்கும் ஒவ்வொரு பொருளின் தோற்றமும், நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், அறியாத ஒரு மனிதருக்கு நாம் கொடுக்கும் வாக்காகிவிடுகிறது, அந்த வாக்கு பொய்க்கும்போது அதற்கான விலையைப் பெரும்பாலும் வாக்குக் கொடுத்தவர் செலுத்துவதில்லை, அதை நம்பியவரோ, பக்கத்தில் நின்ற குழந்தையோ செலுத்துகிறார்கள். மனிதருக்கும் இது பொருந்தும். இல்லாத வீரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறவரைச் சுற்றி அச்சம் உண்டாகிறது, அச்சத்திலிருந்து பகை பிறக்கிறது, பகை வந்தபின் அவர் அந்த வீரத்தை மெய்யாகவே காட்டியாக வேண்டிய நெருக்கடியில் சிக்கிக்கொள்கிறார்.

தேய்ப்பது வீண் என்று இதற்குப் பொருளில்லை. மாறாக, உப்புத்தாள் பிடித்த கைக்கு வாய்க்கும் பொறுமை வேறெந்தப் பள்ளியிலும் எளிதில் வாய்ப்பதில்லை. மரத்தின் ரேகை தெரியும் வரை இழைத்து, பிசிறு களைந்து, எண்ணெய் பூசி வைத்த பிடி தான் மரம் என்று சொல்கிறது. கையால் செய்யப்பட்டது என்று சொல்கிறது. செய்தவன் அவசரப்படவில்லை என்றும் சொல்கிறது. மூன்றும் மெய். குழல் நுனியில் எடுப்பாக ஒரு சிவப்பு வளையம் சேர்ந்தால், இது வெடிமருந்துத் துப்பாக்கி இல்லை என்ற நான்காவது மெய்யும் சேர்ந்துவிடும். இவ்வளவுக்கு மேல் ஓர் அழகு அதற்கு வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அழகான கருவி கையில் இருந்தால் இலக்கைத் தேடும். நம் பக்கத்தில் அந்த இலக்கு பல வேளைகளில் வயலில் நிற்கும் கொக்காகவும் குளத்தில் இறங்கும் வலசைப் பறவையாகவும் ஆகிவிடுகிறது. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. அங்கே வருகிற பறவைகள் கண்டம் கடந்து வருகின்றன. கொல்வதற்குப் பழகும் கையில் எந்த மெருகும் தங்காது.

சட்டத்தின் நிலையையும் தெரிந்துகொள்வது நல்லது. குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள். படைக்கலம் செய்வதற்கே உரிமம் கேட்கிறது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் திட்டி விரட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். சட்ட எல்லையைக் காவல் நிலையத்தில் அவனோடு போய்க் கேட்டறியுங்கள். முறையான சுடும் பயிற்சிக்கு அவனைச் சேர்த்துவிட முடியுமானால் சேர்த்துவிடுங்கள். கருப்புப் பூச்சு டப்பாவை மட்டும் கடையிலேயே விட்டுவரச் சொல்லுங்கள்.