ரத்தான தீர்ப்பும் ரத்தாகாத தேர்தலும்

2018 ஏப்ரல் 7 இரவு தொடங்கி 580 நாட்கள், பிரேசிலின் குரிடிபா நகரில் மத்தியக் காவல்துறைக் கட்டடத்தின் மேல்மாடி அறை ஒன்றில் ஒரு கைதி இருந்தார். வெளியே முகாமிட்டிருந்த ஆதரவாளர்கள் ஒவ்வொரு நாள் காலையிலும் அவருக்குக் கேட்கும்படி உரக்க வணக்கம் சொன்னார்கள். உள்ளே இருந்தவர் லூலா டா சில்வா. 2003 முதல் 2010 வரை அந்த நாட்டின் அதிபர். அந்த அக்டோபரில் நடக்கவிருந்த அதிபர் தேர்தலுக்கான கருத்துக்கணிப்புகளில் முதலிடத்தில் இருந்தவரும் அவர்தான்.

முன்னாள் அதிபர் மீது குற்ற வழக்குத் தொடுக்கலாமா என்பதில் தயங்க ஒன்றுமில்லை. தொடுக்கத்தான் வேண்டும். பெட்ரோப்ராஸ் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தின் ஒப்பந்தங்களில் லஞ்சம் புரண்டதை அதன் உயர் அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஒடெபிரெக்ட் என்ற கட்டுமான நிறுவனம் பன்னிரண்டு நாடுகளில் கொடுத்த லஞ்சத்தை ஏற்றுக்கொண்டு 2016இல் கையெழுத்திட்டது. இவ்வளவு நடந்திருக்கும்போது, பதவியில் இருந்தவர்களை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் அதுவே பெரிய அநீதி. கடினமான கேள்வி அதற்கு அடுத்தபடியில் இருக்கிறது. கூண்டில் நிற்பவர் நாளை வேட்பாளராகவும் நிற்கப்போகிறார் என்றால், அவரை விசாரிக்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே எந்த அளவுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொள்ள வேண்டும்?

லூலா மீதான வழக்கு, குவாருஜா கடற்கரையில் உள்ள மூன்றடுக்கு வீடு ஒன்றைப் பற்றியது. பெட்ரோப்ராஸ் ஒப்பந்தங்களுக்குக் கைம்மாறாக ஒரு கட்டுமான நிறுவனம் அதை அவருக்கு ஒதுக்கிச் செப்பனிட்டுக் கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. வீடு தன் பெயரில் இல்லை, தான் அதில் குடியிருந்ததும் இல்லை என்பது அவருடைய பதில். நீதிபதி செர்ஜியோ மோரோ 2017 ஜூலையில் ஒன்பதரை ஆண்டுச் சிறை விதித்தார். அடுத்த ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவரும் ஒருமனதாக அதைப் பன்னிரண்டு ஆண்டும் ஒரு மாதமுமாக உயர்த்தினார்கள். மேல்முறையீடு முழுவதும் முடியும்வரை சிறைக்கு அனுப்பக் கூடாது என்ற மனு ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள் இரவு, குற்றவாளிகள் தண்டனையின்றித் தப்புவதை ராணுவம் ஏற்காது என்று ராணுவத் தளபதியே ட்விட்டரில் எழுதினார். மனு ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் தள்ளுபடியானது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. ஆகஸ்ட் இறுதியில் கூடிய தேர்தல் நீதிமன்றம் லூலாவின் வேட்புமனுவை நிராகரித்தது. முதல் சுற்றுக்கு நான்கு வாரம்கூட இல்லாத நிலையில் ஃபெர்னாண்டோ ஹடாட் மாற்று வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். முதல் சுற்றுக்கு ஆறு நாள் இருக்கும்போது, லூலாவின் முன்னாள் நிதியமைச்சர் கொடுத்திருந்த அப்ரூவர் வாக்குமூலத்தின் ஒரு பகுதியை மோரோ பகிரங்கப்படுத்தினார். அக்டோபர் 28 அன்று ஜயீர் போல்சொனாரோ வென்றார். நான்கே நாளில், நவம்பர் 1 அன்று, அவருடைய அரசில் நீதித்துறை அமைச்சராக மோரோ ஒப்புக்கொண்டார்.

இந்தக் கடைசிச் செயலை மன்னிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தீர்ப்பெழுதியபோது மோரோவின் மனத்தில் பதவி ஆசை இருந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றாலும், தன் தீர்ப்பால் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டவரின் எதிராளியிடம் அமைச்சர் பதவி வாங்கியதன் மூலம், அந்தத் தீர்ப்பை நம்பிய கோடிக்கணக்கான மக்களின் நம்பிக்கையையும் அவரே கெடுத்துவிட்டார். பெட்ரோப்ராஸ் ஊழலைக் கண்டு மனம் கொதித்த சாதாரணக் குடிமகனுக்கு அவர் செய்த துரோகம் அது.

2019 ஜூனில், மோரோவும் அரசுத் தரப்பு வழக்குரைஞர்களும் பரிமாறிக்கொண்ட செல்பேசிச் செய்திகளை ஒரு செய்தித்தளம் வெளியிட்டது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதி, குற்றம்சாட்டும் தரப்புக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தது தெரியவந்தது. 2021 மார்ச்சில், அந்த வழக்கை விசாரிக்கக் குரிடிபா நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பே இல்லை என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபாஷின் தண்டனையை ரத்து செய்தார். மோரோ பாரபட்சமாக நடந்துகொண்டார் என்று உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு அதே மாதம் தீர்ப்பளித்தது. லூலா குற்றமற்றவர் என்று எந்த நீதிமன்றமும் அப்போது சொல்லவில்லை. விசாரணை செல்லாது என்றுதான் சொன்னது. அந்த வீட்டைப் பற்றிய உண்மை இனி எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகப் போவதில்லை. அவசரப்பட்ட விசாரணை, குற்றம் செய்திருந்தால் தண்டிக்கவும் உதவவில்லை, செய்யாதிருந்தால் பழியைத் துடைக்கவும் உதவவில்லை.

தீர்ப்பை ரத்து செய்ய முடிந்தது. 2018 தேர்தலை யாரால் ரத்து செய்ய முடியும்? அந்த நான்கு ஆண்டு ஆட்சி நடந்து முடிந்துவிட்டது. லூலா நின்றிருந்தாலும் தோற்றிருக்கலாம், அது யாருக்கும் தெரியாது. அந்தத் தீர்மானத்தை எடுக்கும் உரிமை வாக்காளருக்கு இருந்தது, அது பறிபோனது. சாதாரண வழக்கில் தவறு நேர்ந்தால் அடிபடுவது குற்றம்சாட்டப்பட்டவரும் அவருடைய குடும்பமும். வேட்பாளர் மீதான வழக்கில் தவறு நேர்ந்தால், அவரைப் பிடிக்காதவர்கள் உட்பட நாடு முழுவதும் அடிபடும். திருத்த முடியாத சேதத்துக்கு வாய்ப்பிருக்கும் இடத்தில் கவனமும் கூடத்தான் வேண்டும். இதைத் தலைவர்களுக்குக் காட்டும் சலுகை என்று நினைக்க வேண்டாம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதால், எல்லா வழக்கையும் ஒரே அளவு அசட்டையோடு நடத்தலாம் என்றாகிவிடாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தண்டனை பெற்றவர்களைத் தேர்தலிலிருந்து விலக்கும் சட்டம், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரேசில் குடிமக்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டு வாங்கிய சட்டம். 2010இல் அதில் அதிபராகக் கையெழுத்திட்டவரே லூலாதான். மேலும், அந்த நாட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒரு தேர்தல் வந்துவிடும். தேர்தல் நெருங்குகிறது என்று நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டால், வேட்புமனுவே எல்லாக் குற்றவாளிக்கும் கவசமாகிவிடும். இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. தள்ளிப்போடுவது என்ன செய்யும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது.

2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. தேர்தல் முடிவைக் கவிழ்க்க முயன்றதாக டொனால்ட் டிரம்ப் மீது மத்திய அரசுத் தரப்பு குற்றம்சாட்டியது 2023 ஆகஸ்டில். இரண்டரை ஆண்டு கடந்துவிட்டது. 2024 மார்ச் 4 என்று குறிக்கப்பட்ட விசாரணை, அதிபருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றதால் நின்றுபோனது. ஜூலை 1 அன்றுதான் அந்தத் தீர்ப்பு வந்தது. நவம்பரில் டிரம்ப் வென்றார். பதவியில் உள்ள அதிபர் மீது வழக்கு நடத்துவதில்லை என்ற நீதித்துறைக் கொள்கையின்படி, நவம்பர் 25 அன்று வழக்கு கைவிடப்பட்டது. சாட்சிகள் கூண்டேறவில்லை, குறுக்கு விசாரணை நடக்கவில்லை. குற்றம் நிரூபணமாகும் அல்லது உடையும் இடத்தைப் பார்க்காமலேயே அமெரிக்க வாக்காளர் வாக்களித்தார். நியூயார்க்கில் போலிக் கணக்கு எழுதியதாக 34 குற்றச்சாட்டிலும் டிரம்ப் குற்றவாளி என்று ஜூரி சொன்னது உண்மை. அங்கும் தேர்தலுக்குப் பிறகு வந்த உத்தரவில் தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை.

மக்கள் மன்றமே தீர்ப்புச் சொல்லட்டும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வாக்குச்சாவடிக்குப் போகிறவர் விலைவாசியைப் பார்க்கிறார், வேலையைப் பார்க்கிறார், எதிரே நிற்பவரைப் பார்க்கிறார். 2024இல் டிரம்புக்கு வாக்களித்த ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் அந்த வழக்கின் ஆவணங்களைப் படித்துத் தீர்ப்பெழுதச் சொன்னது யார்? குற்றத்தை அளக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டுவது, நீதிமன்றம் தன் கடமையைக் கைகழுவுவதாகும்.

ஆக, விசாரணை காலத்தே தொடங்க வேண்டும், தயங்காமல் நடக்க வேண்டும். விசாரிக்கிறவரின் கை மிகச் சுத்தமாக இருக்கவும் வேண்டும். இதை எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டும் கேட்பது எளிது. பிரேசிலிலேயே காட்சி திரும்பியது. 2022 தேர்தலில் லூலாவிடம் தோற்ற பிறகு ஆட்சிக்கவிழ்ப்புக்குத் திட்டமிட்டதாகப் போல்சொனாரோவுக்கு 2025 செப்டம்பரில் 27 ஆண்டும் மூன்று மாதமும் சிறை விதிக்கப்பட்டது. குற்றச்சாட்டு அந்த வீட்டு வழக்கைவிட எத்தனையோ மடங்கு கொடியது. லூலாவையும் உச்ச நீதிமன்ற நீதிபதி மொராய்ஸையும் கொல்லத் திட்டம் இருந்ததாகக் காவல்துறை சொன்னது. ஆனால், வழக்கை முன்னின்று நடத்தியவர் அதே மொராய்ஸ். ஐந்து பேர் அமர்வில் லூலாவின் முன்னாள் வழக்கறிஞர் ஜானினும் அவருடைய முன்னாள் நீதித்துறை அமைச்சர் டினோவும் இருந்தார்கள். தண்டனைக்கு ஆதரவாக நால்வர், எதிராக ஃபுக்ஸ் ஒருவர்.

மோரோவைக் கண்டித்தவர்கள் பலர் இங்கே மௌனமாக இருந்தார்கள். மொராய்ஸ் ரகசியமாக அரசுத் தரப்புக்கு யோசனை சொன்னார் என்று காட்ட எதுவும் இல்லை. இரண்டு வழக்கையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. சாட்சியங்களும் வலுவானவை. அப்படி வலுவான வழக்கு என்பதாலேயே, பதினொரு நீதிபதிகள் கொண்ட முழு நீதிமன்றத்தின் முன் அதை வைக்க அஞ்ச வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த நீதிமன்றத்தில் போல்சொனாரோவே நியமித்த இருவர் இருக்கிறார்கள். அவர்களும் உட்கார்ந்து, சாட்சியத்தைக் கேட்டு, ஆதரவாகவோ எதிராகவோ காரணத்தோடு எழுதியிருந்தால், அந்தத் தீர்ப்பை அவருக்கு வாக்களித்தவர்களின் வீட்டு வாசலுக்கும் தயங்காமல் கொண்டுபோயிருக்கலாம்.