நாற்காலிக்கு முன் ஒரு கேள்வி



ஜனநாயகம் என்றால் என்னவென்று கேட்டால், "பெரும்பான்மையோர் சொல்வதே சட்டம்" என்று நம்மில் பலர் உடனே சொல்லுவோம். இது பாதி உண்மைதான். மற்றப் பாதியைக் கற்றுக்கொள்ள நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. நம் மதுரை ஜில்லாவே போதும்.

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் அமுலுக்கு வந்தது. அதன்படி சில பஞ்சாயத்துகளின் தலைவர் பதவி ஆதிதிராவிட மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1996-ல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களும் அவ்வாறு ஒதுக்கப்பட்டன. ஊரில் பெரும்பான்மையோர் ஒப்பவில்லை. மனுப் போட ஆள் வராமல் தேர்தல் நின்றது. சில சமயம் வென்றவரும் உடனே ராஜிநாமாச் செய்தார். இப்படியே பத்து வருஷம் கழிந்தது. மேலூர்ப் பக்கத்து மேலவளவில் நடந்ததோ மகா கொடுமை. அங்கே பஞ்சாயத்துத் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30-ந் தேதி வேறு ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார்.

"ஊரே வேண்டாமென்றால் அதுவும் ஜனநாயகந்தானே?" என்று ஒருவர் கேட்கலாம். அல்லவே அல்ல! தங்களை ஆள்பவர் யாரென்று தீர்மானிக்கப் பெரும்பான்மைக்கு அதிகாரமுண்டு. அயலான் தங்களுக்குச் சமமான மனிதனா என்று தீர்மானிக்க அதற்கு அதிகாரமில்லை. அந்த மேன்மையைத் தந்தவர், மனிதனைத் தம் சாயலாகப் படைத்த சர்வேசுரன். ஓட்டெடுத்து அதைப் பறிக்க ஒருவராலும் ஆகாது. இந்த வரம்பைக் காக்கவே அடிப்படை உரிமைகளும் நீதிமன்றங்களும் இருக்கின்றன. இந்த வரம்பு இல்லாவிட்டால், இந்நாட்டில் சிறு மந்தையான நம் கதி என்னவாகும்? யோசித்துப் பாருங்கள்.

பாப்பானவர் 12-ம் பத்திநாதர், உலக யுத்தம் ஓயாதிருந்த 1944-ம் வருஷக் கிறிஸ்துமஸ் வானொலிச் செய்தியில், ஜனங்கள் வேறு, கும்பல் வேறு என்று பிரித்துக் காட்டினார். கும்பல் பிறர் தள்ளும் பக்கம் சாயும். ஜனங்களோ பொறுப்புணர்ந்து தாங்களே நடப்பார்கள்.

மனம் மாறாதென்று சொல்லாதீர்கள். அப்போதைய கலெக்டர் உதயசந்திரனும் அதிகாரிகளும் ஊராரோடு பொறுமையாகப் பேசியபின், 2006 அக்டோபரில் அவ்வூர்களில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியேற்றார்கள்.

இனி நம்மைப் பார்ப்போம். தேர்தல் நாளில் எஜமானின் விரலுக்கும் கூலியாளின் விரலுக்கும் ஒரே மைதான். பூசையில் எல்லாரும் ஒரே வரிசையில் வந்து திவ்விய நன்மை வாங்குகிறோம். கோவில் வாசலைத் தாண்டியபின்? வயலில் வேலை செய்தவருக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுக்கிறீர்கள்? திருவிழாக் கமிட்டியில் அவருக்கு நாற்காலி உண்டா? அவர் பேசும்போது காது கொடுக்கிறோமா?

இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும், பிள்ளைகள் கேட்க, பெற்றோரே இக்கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். நாளைய பஞ்சாயத்து உங்கள் வீட்டுத் திண்ணையிலேதான் உருவாகிறது.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குசுவாமி