கோழி வளர்த்த கினிக்குஞ்சு

சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தை விளக்கும்போது, வேடரிடையே வளர்ந்து தன் பிறப்பை மறந்த அரசகுமாரன் கதையைச் சொல்வார்கள். வளர்ப்பு இயல்பை மூடுமே ஒழிய மாற்றாது என்றே பலரும் அதைப் படிக்கிறோம். கோழிக்கூடு இதற்குப் பாதிச் சாட்சிதான் சொல்கிறது. கினிக்கோழி தன் குஞ்சுகளைப் பனி நனைத்த புல்லில் இழுத்துக்கொண்டு அலைந்து பலவற்றைச் சாகக் கொடுத்துவிடும். அதனால் முட்டையை நாட்டுக்கோழிக்கு அடைவைப்பார்கள். கோழி முட்டை பொரிய 21 நாள், கினி முட்டைக்கு 26 முதல் 28 நாள். கணக்குப் பார்க்காமல் அந்தக் கூடுதல் வாரமும் கிடக்கிறது அடைக்கோழி. பொரிந்த குஞ்சு அதன் கொக்கரிப்புக்கு ஓடிவந்து இறக்கைக்குள் புகுகிறது. ஆனால் வளர்ந்த பெட்டை, வளர்த்தவளிடம் ஒருநாளும் கேட்டிராத ஈரசைக் குரலில் கத்துகிறது.

அப்படியானால் இயல்பே வென்றதா? வாத்துக்குஞ்சுகள் முதலில் கண்டதைத் தாயாகப் பற்றுவதை விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1935இல் விரிவாக எழுதினார். கோழியோடு வளர்ந்த கினியும் பொழுது சாய்ந்தால் பெரும்பாலும் கோழிகளோடு கூடு திரும்புகிறது. குரல் பிறப்பினது, வீடு வளர்ப்பினது. பறவைக்கும் ஆன்மாவுக்கும் என்ன ஒப்பு என்று கேட்கலாம். உவமையை நீட்டினால் முறியும், உண்மைதான். ஆயினும் ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்பதும் சித்தாந்தமே. வேடர் குடிசை வெறும் திரை என்றால், அங்கே சார்ந்து பெற்ற வண்ணத்தை என்னவென்று சொல்வது?