ஜாமக் காவல்

முதல் நாள்

வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டுவிட்டது. தொட்டியில் கவிழ்த்து வைத்திருக்கும் மண்சட்டியின் பக்கவாட்டில், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஆரஞ்சு நிறம். இரண்டு நாளாக என் கோமாளி மீன்கள் இருவரும் அந்த இடத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு முன் சுவரைச் சுரண்டுகிற வீடு மாதிரி.

கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை வைத்துப் பார்த்தால்தான் முட்டைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள சின்னக் குப்பி. ஒரு நுனி சட்டியில் ஒட்டியிருக்கிறது, மறு நுனி தண்ணீரில் அசைகிறது. கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி எண்ணினேன். 200ஐத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். எண்ணி முடித்தால் அத்தனையும் பிழைக்க வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும்.

மூன்றாம் நாள்

அவன் சட்டியை விட்டு நகர்வதில்லை. பக்கத் துடுப்புகளால் விசிறுகிறான். நின்று பார்க்கிறான். வெளுத்துப்போன முட்டை ஒன்றை வாயால் கவ்வி எடுத்து விடுகிறான். கெட்டது ஒன்று இருந்தால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும். உணவு போட்டால் அவசரமாக இரண்டு வாய் தின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறான்.

அவள் அவனைப்போல இரண்டு மடங்கு இருப்பாள். காவல் சுற்றுவது அவள் வேலை. கையை உள்ளே விட்டால் பாய்ந்து வந்து கடிக்கிறாள்.

இரண்டு வருஷம் முன்பு அந்த மண்சட்டி ஓரத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தது அவள்தான். அப்போது அவள் அவன். அன்றிருந்த பெண் மீன், நான் மூட மறந்த இடைவெளி வழியாக ஒரு ராத்திரி துள்ளி வெளியே விழுந்துவிட்டது. காலையில் தரையில் கிடந்தது. என் தவறு. தனித்து நின்றவனுக்குத் துணையாகக் கொளத்தூரிலிருந்து சின்னதாக ஒன்று வாங்கி வந்து விட்டேன். சில மாதங்களில் பழையவன் பெருத்தான், பெண்ணானான். புதுசாக வந்த பொடியன் ஆணாக முதிர்ந்தான்.

கோமாளி மீன்களின் வழக்கம் அது. ஒரு கடல்சாமந்தியில் குடியிருக்கும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மீதியெல்லாம் முதிராமல் காத்திருப்பவை. பெண் போனால் ஆண் அந்த இடத்துக்கு ஏறும், காத்திருந்தவற்றில் பெரியது ஆணாகும். ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் 1977இல் இதைப் பற்றி எழுதினார்கள். எனக்கு அது தரையில் கிடந்த ஒரு மீனிலிருந்து தெரிய வந்தது.

விசிறிய நாட்கள் அவளுக்கு நினைவிருக்குமா? சட்டிப் பக்கம் வருகிறாள், முட்டைகளை ஒரு பார்வை பார்க்கிறாள், போய்விடுகிறாள்.

ஐந்தாம் நாள்

ஆரஞ்சு மங்கிப் பழுப்பாகிவிட்டது. ஒவ்வொரு குப்பிக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள். கண்கள்.

என் வேலை பால்கனியில். வரிசையாகப் பாட்டில்களில் பச்சைத் தண்ணீர். அதிலிருக்கும் நுண்பாசி, ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிருக்கு உணவு. ரோட்டிஃபர், பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கு உணவு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தூசி தானாக நீந்துவதுபோலத் தெரியும். பிறந்த குஞ்சின் வாய்க்குள் போகக்கூடிய அளவு அதுதான். பொடித்த தீவனத்தைத் தூவினால் பசித்த குஞ்சு அதைத் திரும்பியும் பார்க்காது. இரை அசைய வேண்டும்.

அம்மா துணி காயப்போட வந்தாள். "மீனு வளக்கறேன்னு சொல்லிட்டு பாசிக்கில்ல சோறு போட்டுட்டு இருக்கே."

உண்மைதான். மீன் வளர்ப்பில் மீனைத் தொடும் நேரம் மிகக் குறைவு. உப்பு அளவு பார்ப்பது, வெயிலில் வற்றியதற்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது, ரோட்டிஃபரை மெல்லிய சல்லடையில் வடிகட்டுவது என்று நாள் போய்விடும்.

எட்டாம் இரவு

முட்டைக்குள் கண்கள் வெள்ளியாக மின்னுகின்றன. இன்றைக்குத்தான்.

சாயங்காலமே சட்டியைத் தூக்கி, சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டிய சிறு தொட்டியில் வைத்தேன். தண்ணீர் பழைய தொட்டியினுடையதே. அவன் துடுப்பு செய்த வேலையை இனி ஏர் ஸ்டோனின் குமிழிகள் செய்யும். எட்டு மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்தேன். குஞ்சுகள் இருட்டில்தான் வெளிவரும். பகலில் பொரித்தால் பவளப்பாறையின் அத்தனை வாய்களுக்கும் இரையாகிவிடும்.

இருட்டில் உட்கார்ந்திருப்பது தவிர வேறு வேலை இல்லை. பக்கத்து அறையில் டிவி சத்தம், ஏர் பம்பின் முனகல். மணி ஒன்பதரைக்கு டார்ச்சை விரலால் மறைத்துக்கொண்டு ஒரு நொடி அடித்தேன். தண்ணீர் முழுக்க வெள்ளிக் கோடுகள். நாலு மில்லிமீட்டர்கூட இல்லாத, கண்ணும் வாலும் மட்டுமேயான கோடுகள்.

பெரிய தொட்டிக்குப் போனேன். சட்டி இருந்த வெற்றிடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். விசிறவில்லை. நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அவன் ஜாமம் முடிந்தது. கடலிலும் இந்த ராத்திரியோடு முடிந்திருக்கும். குஞ்சுகளை நீரோட்டம் கொண்டுபோய்விடும். தகப்பன் பின்னாலேயே போவதில்லை. அதே தொட்டியில் விட்டு வைத்தால் தின்றுவிடவும் கூடும்.

பத்தாம் நாள்

தரையில் வெள்ளையாக ஒரு படிவு. மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தேன். பாதிக்கு மேல் போயிருக்கும். அம்மோனியா ஏறியதா, வெளிச்சம் கூடிப்போனதா, ரோட்டிஃபர் போதவில்லையா, எதையும் அவை சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபராவது இருக்கும்படி மறுபடி ஊற்றினேன். விளக்குக்கு மேல் ஒரு துணியைப் போட்டேன்.

பாப்புவா நியூ கினியின் கிம்பே தீவில் ஆய்வாளர்கள் கோமாளி மீன் குஞ்சுகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பத்து நாளுக்கு மேல் திறந்த கடலில் மிதந்துவிட்டு, அந்தத் தீவின் பாறைக்கு வந்து குடியேறியவற்றில் பாதிக்கு மேல் அங்கேயே பிறந்தவை. என் குஞ்சுகளுக்குத் திறந்த கடல் இந்தக் கறுப்புத் தாள் ஒட்டிய தொட்டிதான். திரும்பி வர ஊர் இல்லை.

பத்தொன்பதாம் நாள்

காலையில் ஒன்று அடியில் இறங்கி நின்றது. மிதக்கவில்லை, தள்ளாடி நின்றது. தலைக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெள்ளைக் கீற்று. மத்தியானத்துக்குள் இன்னும் ஐந்து. இனி ஆர்ட்டிமியா என்கிற உப்புநீர் இறாலின் குஞ்சு போதும், ரோட்டிஃபர் வேண்டாம்.

எண்ணினேன். 31.

இவற்றில் சிலவற்றுக்கு நடுக்கோடு பாதியிலேயே நின்றுவிடும், தொட்டியில் பிறந்தவற்றுக்கு அப்படி வருவது சகஜம். கடைக்காரர் முழுக் கோடு இருப்பவற்றைத்தான் எடுத்துக்கொள்வார். மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைப் பொரிக்க வைக்கிறார்கள். வீட்டில் பொரிக்கும் ஒவ்வொன்றும், பாறையிலிருந்து பிடிக்கத் தேவையில்லாத ஒன்று. 31க்கு அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும்.

ராத்திரி பெரிய தொட்டியின் விளக்கை அணைக்கப் போனேன். சட்டியை நான் திரும்ப வைத்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. அவன் அதன் பக்கவாட்டைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அவளும் வந்து இரண்டு கொத்துக் கொத்தினாள்.

விளக்கை அணைக்காமல் பால்கனிக்குப் போனேன். இரண்டு பாட்டிலில் பச்சை வெளிறியிருந்தது.