ஓசையில்லாத பழுது

அமெரிக்காவில் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப், ஸ்கீட் ஆட்டக்காரர்களில் பலர், சுட்டு முடித்த பிளாஸ்டிக் தோட்டாக் கூடுகளைச் சேர்த்துவைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வது வழக்கம். இதற்கென்றே கைப்பிடி வைத்த சிறு பிரஸ்கள் விற்பனையாகின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் மேவில் ஊரில் பிறந்த மெக் நிறுவனத்தின் 600 ஜூனியர் அவற்றுள் பெயர்பெற்றது. கைப்பிடியை இறக்கி ஏற்ற, மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமர் கழன்று புதியது ஏறும், வெடிமருந்து விழும், அதன்மேல் வாட் என்னும் பிளாஸ்டிக் கிண்ணம் அமரும், அதற்குள் ஈய ரவை கொட்டும், கடைசியில் கூட்டின் வாய் ஆறு அல்லது எட்டு மடிப்பாக மூடிக்கொள்ளும்.

இந்தக் கருவியைப் பராமரிப்பதில் பழைய தத்துவக் கேள்வி ஒன்று புதைந்திருக்கிறது. கையில் இருக்கும் கருவியை மனிதன் எப்போது பார்க்கிறான்? ஜெர்மானியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர், 1927இல் வெளியான ‘இருத்தலும் காலமும்’ நூலில், நன்றாக ஓடும் கருவி கண்ணில் படுவதே இல்லை என்றார். சுத்தியல் அடிப்பவனின் நினைவு ஆணியிலும் கட்டப்போகும் வீட்டிலும் இருக்கும், சுத்தியலில் இருக்காது. கருவி முகம் காட்டுவது மூன்று வேளைகளில்: அது கெட்டுப்போகும்போது, வேண்டிய ஒன்று இல்லாமல் போகும்போது, ஏதோ ஒன்று வழியை மறிக்கும்போது.

தோட்டா பிரஸ் இந்த மூன்றையும் பாடம் நடத்துவதுபோல் செய்து காட்டும். திருகு தளர்ந்தால் மடிப்பு கோணலாகும். பிரைமர் தட்டு காலியானால் வேலை நிற்கும். சிந்திய ரவை ஒன்று, மருந்தையும் ரவையையும் அளந்து கொட்டும் பட்டைக்கடியில் சிக்கினால் பட்டை நகராது. மூன்றிலும் ஓடிக்கொண்டிருந்த கை நின்று, கண் கருவியின் பக்கம் திரும்புகிறது.

திரும்பிய கண் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இலேயே வழி சொல்லிவைத்தார். மற்றவை அனைத்தும் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் மாறி விளைவும் மாறினால், காரணம் அந்த ஒன்றில் இருக்கிறது. மடிப்பு உள்வாங்கிக் குழிந்தால் கூட்டுக்குள் பொருள் போதவில்லை என்று ஐயுறலாம். மூடாமல் நடுவில் துளை விட்டால் பொருள் மிகுதி, அல்லது முதல் மடிப்பு ஆழமாகப் பதியவில்லை. வாட்டையும் மாற்றி மடிப்பிடும் அச்சின் ஆழத்தையும் ஒரே மூச்சில் திருகினால் மடிப்பு சரியாகிவிடக்கூடும். எதனால் சரியானது என்பது தெரியாது. தெரியாமல் சரியான பழுது திரும்ப வரும். பொறுமையற்ற பழுதுபார்ப்பு பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறது.

ஆனால் ஹைடெக்கரின் பட்டியலில் அடங்காத நான்காவது வேளை ஒன்று உண்டு. இந்தக் கருவியில் அதுவே ஆபத்தானது. காற்றின் ஈரத்தால் மருந்து கட்டிபட்டு, குழாயில் தேங்கி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பட்டை வழக்கம்போல் நகர்கிறது, கைப்பிடி வழக்கம்போல் இறங்குகிறது, மடிப்பும் ஏறக்குறைய ஒழுங்காகவே மூடுகிறது. எதுவும் கெடவில்லை, குறையவில்லை, மறிக்கவில்லை. அந்தத் தோட்டாவைச் சுட்டால் பிரைமரின் சக்தி மட்டும் வாட்டைத் தள்ள, அது குழலுக்குள் பாதியில் நின்றுவிடலாம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். பேச்சுக்கொடுத்தபடி பட்டையை இருமுறை நகர்த்தி இரட்டை மருந்து விழவைப்பதும் இதே வகைதான்.

முடிந்த தோட்டாவை எடைபோட்டுப் பிழை கண்டுபிடிக்கலாமே என்றால், அதுவும் நம்பத்தக்கதல்ல. 12 போர் துப்பாக்கியின் வழக்கமான ஆட்டத் தோட்டாவில் ரவை சுமார் 32 கிராம். மருந்தோ ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல். மருந்தில் அரை கிராம் மாறுவது பெரும் பிழை. ஆனால் கூடு, ரவை ஆகியவற்றின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அது ஒளிந்துகொள்ளும். வாட்டை வைக்கும் முன் கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும், விழும் மருந்தை மட்டும் அவ்வப்போது தனியே தராசில் வைப்பதும்தான் வழி.

கையாளும் செயலுக்கும் தனக்கென ஒரு பார்வை உண்டு என்று ஹைடெக்கர் ஒப்புக்கொள்கிறார் என்பது உண்மையே. ஆயினும் அந்தப் பார்வை செய்யப்படும் வேலையை நோக்கியது, கருவியை நோக்கியதல்ல. பராமரிப்பவனின் பார்வை வேறு. ஒழுங்காக ஓடும் கருவியை, அது ஒழுங்காக ஓடும்போதே, ஐயத்தோடு பார்ப்பது அது. பழுது வந்து தட்டி எழுப்பும்வரை அது காத்திருப்பதில்லை. தத்துவ நூல்கள் சுத்தியலையே உதாரணமாக எடுத்ததால் இந்தப் பார்வைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று தோன்றுகிறது. சுத்தியலின் குறை பெரும்பாலும் அடுத்த அடியிலேயே தெரிந்துவிடும். தோட்டாவின் குறை, மாதங்கள் கழித்து, வேறொருவர் முகத்தருகேகூட வெளிப்படலாம்.

மற்றப் பராமரிப்பு எளிது. தண்டுக்கும் மூட்டுகளுக்கும் எண்ணெய் துளித்துளியாக. மருந்தும் பிரைமரும் செல்லும் வழியில் எண்ணெய் கூடவே கூடாது, இரண்டையும் அது கெடுத்துவிடும். சிந்திய ரவையைத் துடைப்பது, பூட்டுத் திருகுகளை இறுக்குவது, கண்ணாடி அணிவது ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

கவனத்துக்கும் எல்லை உண்டு. பல புகையற்ற மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எரியும் வேகமோ வெவ்வேறு. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணால் பிரித்தறிய இயலாத இடம் அது. அங்கே அறிவைக் காப்பது ஒழுங்கு மட்டுமே. அதனால்தான் வேலை முடிந்ததும் பிரஸின் குப்பியில் மிஞ்சிய மருந்தை, பெயர் ஒட்டிய அதன் சொந்த டப்பாவுக்கே திருப்பிக் கொட்டிவிட வேண்டும். மறந்து விட்டுவைத்து, பின்னர் அது எந்த மருந்து என்ற ஐயம் எழுந்தால், அதைப் பயன்படுத்தக் கூடாது; அப்புறப்படுத்திவிட வேண்டும்.